மாநில உரிமைன்னா... எதுக்கான உரிமை?

ஸ்கூல்ல நமக்கெல்லாம் அமெரிக்க உள்நாட்டுப் போர்ங்கறது ஒரு அஞ்சு மார்க் கேள்வி. ஆபிரகாம் லிங்கன், அடிமை ஒழிப்பு, 1861-1865, கதை முடிஞ்சது. அப்புறம் இஞ்சினியரிங், வேலை, ஆன்சைட். அட்லாண்டாவுலயோ சார்லட்லயோ ரெண்டு வருஷம் பொட்டி தட்டிட்டு வர்ற நம்மாளுங்கள்ல சிலபேர், சாக்லேட் பாக்கெட்டோட ஒரு புது ஞானத்தையும் சேர்த்துக் கொண்டு வர்றாங்க. "மச்சி, அது அடிமைங்களுக்காக நடந்த சண்டையே இல்ல, தெரியுமா? மாநில உரிமைக்காக நடந்தது. லிங்கனுக்கு அடிமைங்க மேல அக்கறையே கிடையாது. ஜெயிச்சவன் எழுதுன வரலாறைத்தான் நாம படிச்சிருக்கோம்."

இதை முதல் தடவை கேட்டா யாருக்கும் ஒரு கிக் வரும். பாடப்புத்தகம் பொய், எனக்கு மட்டும் உண்மை தெரியும்கற கிக். அதுலயும் தமிழ்நாட்டுக்காரன் காதுல 'மாநில உரிமை'ன்னு விழுந்தா கேக்கவே வேணாம். சுயாட்சி, இந்தி எதிர்ப்பு, நதிநீர், நிதிப்பங்கீடுன்னு ஊறிப்போன காது. டில்லிக்காரன் ஒரு பக்கம், நம்மள மாதிரி பாவப்பட்ட மாநிலங்கள் ஒரு பக்கம்னு உடனே மனசுல ஒரு படம் ஓட ஆரம்பிச்சிடும். தெற்கு வேற! வடக்குக்காரன் படையெடுத்து வந்தான், தெற்குக்காரன் எதிர்த்து நின்னான். அடடா, நம்ம கதை மாதிரியே இருக்கேன்னு உருகிடறாங்க.

மாநில உரிமை எனக்கும் வேணும். அதனாலதான் இந்தக் கதையைக் கேட்டா எரிச்சல் வருது. நாம நியாயமா கேக்கற ஒரு விஷயத்தோட பேரை, மனுஷனைச் சந்தையில வித்தவன் போர்த்திக்கிட்டு நிக்கிறான். அவனுக்குப் போய் நாம கைதட்டுறதா?

சரி, மேட்டருக்கு வருவோம். ஒருத்தன் ஏன் சண்டைக்குப் போனான்னு தெரியணும்னா, போகும்போது அவன் என்ன சொன்னான்னு பாக்கணும். தோத்த அப்புறம் சொன்னது எல்லாம் சப்பைக்கட்டு. 1860 டிசம்பர் 20-ந் தேதி சவுத் கரோலினா முதல் ஆளா ஒன்றியத்தை விட்டு வெளியேறுச்சு. ஏன் போறோம்னு ஊரறிய ஒரு பிரகடனமும் வெளியிட்டாங்க. அதுல இருக்கற முக்கியமான புகார் என்ன தெரியுமா? அடிமை வச்சிருக்காத வட மாநிலங்கள் அடிமை முறையை வெறுக்குது, தப்பி ஓடி வந்த அடிமைகளைப் பிடிச்சுத் தரமாட்டேங்குது, அடிமையோட நியூயார்க் வழியாக்கூட போகமுடியல. மிசிசிப்பி இன்னும் ஓப்பன். எங்க நிலைப்பாடே அடிமை முறையோட பின்னிப் பிணைஞ்சதுன்னு எடுத்த எடுப்புலயே சொல்லிட்டாங்க. ஜார்ஜியா, டெக்ஸஸ் பிரகடனங்களும் இதே ராகம்தான்.

சவுத் கரோலினா புகாரை இன்னொரு தடவை பாருங்க. வட மாநிலங்கள் தங்களோட சொந்தச் சட்டத்தைப் போட்டு மத்திய அரசோட சட்டத்தை எதிர்க்குதுன்னு கம்ப்ளெய்ண்ட். அதாவது, மாநில உரிமையைப் பயன்படுத்துனது வடக்கு! 1850-ல வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம் மத்திய அரசோட சட்டம். தெற்கு கேட்டு வாங்குன சட்டம். அந்தச் சட்டத்தை வச்சுத்தான் 1854-ல ஆண்டனி பர்ன்ஸ்ங்கற மனுஷனை பாஸ்டன் நகரத்துல பிடிச்சு, ஊரே திரண்டு எதிர்த்து நிக்க, மத்திய அரசுப் படையோட துப்பாக்கிக் காவல்ல கப்பலேத்தி வர்ஜீனியாவுக்கு அனுப்பினாங்க. விஸ்கான்சின் மாநில உச்சநீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னப்போ, 1859-ல மத்திய உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக் கடாசிச்சு. அப்போ தெற்குல யாராவது 'ஐயோ விஸ்கான்சினோட மாநில உரிமை போச்சே'ன்னு அழுதாங்களா? மூச்!

இன்னும் கேளுங்க. பிரிஞ்சு போனவங்க தங்களுக்குன்னு ஒரு அரசியல் சட்டம் எழுதினாங்க. பெரும்பாலும் பழைய சட்டத்தோட ஜெராக்ஸ். ஆனா சேர்த்த வரிகள் முக்கியம். அடிமைகளை சொத்தா வச்சுக்கற உரிமையைப் பாதிக்கற எந்தச் சட்டமும் அவங்க நாடாளுமன்றம் போடக்கூடாது. எந்த மாநிலத்துக்காரனும் தன் அடிமையோட இன்னொரு மாநிலத்துக்குப் போய் வரலாம், தங்கலாம், அதை அந்த மாநிலம் தடுக்க முடியாது. மாநில உரிமைக்காகப் பிரிஞ்ச நாட்டுல இந்த ஒரு விஷயத்துல மட்டும் மாநிலத்துக்கு உரிமை கிடையாது :-)

அவங்க துணை அதிபர் அலெக்ஸாண்டர் ஸ்டீஃபன்ஸ். 1861 மார்ச் 21-ந் தேதி சவான்னா நகரத்துல பேசினார். எங்க புது அரசாங்கத்தோட மூலைக்கல் எதுன்னா, கறுப்பனும் வெள்ளையனும் சமமில்லைங்கற பேருண்மைதான்னு கூட்டத்துல கைதட்டு வாங்கினார். போர்ல தோத்தாச்சு. 1868-ல அதே ஸ்டீஃபன்ஸ் ஒரு தடிப்புத்தகம் எழுதறார். அதுல இது முழுக்க முழுக்க அரசியல் சட்டக் கோட்பாடு பத்தின சண்டையாம், அடிமை முறை சும்மா ஒரு சந்தர்ப்பம்தானாம்! அதிபரா இருந்த ஜெஃபர்சன் டேவிஸும் 1881-ல இதே பாட்டு. நம்ம தொழில் பாஷையில சொன்னா, புரொடக்‌ஷன்ல சர்வர் புட்டுக்கிட்ட பிறகு உக்காந்து பழைய கமிட் லாக்கைத் திருத்தி எழுதறாங்க. ஒரிஜினல் லாக் எல்லாம் அப்படியே இருக்குங்கறதுதான் இவங்க துரதிர்ஷ்டம்.

'அதெல்லாம் இல்லப்பா, இறக்குமதி வரிப் பிரச்சினைதான் காரணம்'னு இன்னொரு கோஷ்டி இருக்கு. 1860-ல நடைமுறையில இருந்தது 1857-ல தெற்கோட சம்மதத்தோட குறைச்ச வரி. அதை உயர்த்துன சட்டம் நிறைவேறினது 1861 மார்ச்சுல, அதாவது ஏழு மாநிலங்கள் பிரிஞ்சு, அவங்க செனட்டர்கள் எழுந்து போன பிறகு. இந்த வரிக்கதையை லண்டன் பத்திரிகைகள் அந்தக் காலத்துலயே அளந்தப்போ, 1861 அக்டோபர்லயே வியன்னா பத்திரிகை ஒண்ணுல அதை உரிச்சுத் தொங்கவிட்டவர் கார்ல் மார்க்ஸ். (நம்ம தோழர்கள்லயே சிலர் வரிக்கதையை நம்பறதுதான் வேடிக்கை.)

பின்னாடி இருக்கற கணக்கு ரொம்ப சிம்பிள். 1860 மக்கள்தொகை கணக்கெடுப்புல அமெரிக்காவுல இருந்த அடிமைகள் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர். சவுத் கரோலினாவுலயும் மிசிசிப்பியிலயும் பாதிக்கு மேல மக்கள் அடிமைகள். நாட்டோட ஏற்றுமதி வருமானத்துல பாதிக்கு மேல பருத்தி. அந்த 40 லட்சம் மனுஷங்களோட சந்தை விலையே 300 கோடி டாலருக்கு மேலன்னு மதிப்பிடறாங்க. அன்னைக்கு அமெரிக்காவுல இருந்த ரயில்வே, ஆலை எல்லாத்துலயும் போட்ட முதலைவிட அது ஜாஸ்தி. இவ்வளவு பெரிய சொத்தை, இனிமே புதுப் பிரதேசங்களுக்குப் பரப்ப விடமாட்டேன்னு சொல்ற ஒருத்தர் அதிபரா ஜெயிச்சா, ஓனர்கள் சும்மா இருப்பாங்களா? லிங்கன் பதவியேற்கறதுக்கு முன்னாடியே ஏழு மாநிலம் காலி பண்ணிட்டுப் போயாச்சு.

இங்க ஒரு நல்ல கேள்வி வரும். தெற்குல மூணுல ரெண்டு பங்கு வெள்ளைக் குடும்பங்களுக்கு அடிமையே கிடையாதே, அவன் எதுக்குப் போய் செத்தான்? இதைக் கேக்கறவங்க கிட்ட எனக்குக் கோவமில்ல, ஏன்னா நிஜமாவே யோசிக்க வேண்டிய கேள்வி. இன்னைக்கு இல்லைன்னாலும் நாளைக்கு ஒரு அடிமையை வாங்கிடலாம்கற கனவு ஒரு பக்கம். சொந்த ஊருக்குள்ள படை வருதுங்கற கோவம் ஒரு பக்கம். ஆனா அடியில இருக்கறது நமக்கு ரொம்ப நல்லாத் தெரிஞ்ச விஷயம். கையில காசு இல்ல, நிலம் இல்ல, ஆனா எனக்குக் கீழ ஒருத்தன் இருக்கான். அந்த ஒரு படிதான் அவனோட சொத்து. அதைப் பறிச்சுட்டா அவனும் வெறும் கூலிக்காரன். ஊர்த்தெருவுல ஓட்டுக்குடிசையில இருந்துக்கிட்டு, சேரிக்காரன் செருப்பு போட்டு நடந்தா அடிக்கப் போறவனைப் பார்த்த நாட்டுக்காரங்க நாம. நமக்கு இது புரியலைன்னா வேற யாருக்குப் புரியும்?

அந்த ஏழைங்க எல்லாரும் ஆசையாப் போனாங்கன்னும் நினைச்சுக்காதீங்க. 1862 ஏப்ரல்ல தெற்கு அரசாங்கம் கட்டாய ஆள்சேர்ப்பு கொண்டு வந்துச்சு. தனிமனித சுதந்திரம், மாநில உரிமைன்னு பேசுன அதே அரசாங்கம்தான். அக்டோபர்ல ஒரு திருத்தம்: 20 அடிமைகளுக்கு மேல இருக்கற பண்ணைக்கு ஒரு வெள்ளைக்காரனுக்கு ராணுவ விலக்கு! பணக்காரன் சண்டை, ஏழை சாவுன்னு சிப்பாய்ங்க புலம்ப ஆரம்பிச்சாங்க. 1863 ஏப்ரல் 2-ந் தேதி தலைநகர் ரிச்மண்ட்ல பொம்பளைங்க ரொட்டி கேட்டுக் கடைகளை உடைச்சாங்க. ஜெஃபர்சன் டேவிஸே தெருவுக்கு வந்து கலைஞ்சு போகலைன்னா சுடுவோம்னு மிரட்ட வேண்டியதாச்சு. மிசிசிப்பியில ஜோன்ஸ் கவுண்டியில நியூட்டன் நைட்ங்கற விவசாயி, ஓடிவந்த சிப்பாய்களைச் சேர்த்துக்கிட்டு தெற்கு ராணுவத்தையே எதிர்த்து நின்னான். வர்ஜீனியாவோட மலைப்பகுதி மக்கள் வர்ஜீனியாவை விட்டே பிரிஞ்சு 1863-ல தனி மாநிலமானாங்க. தெற்கு மாநிலங்கள்ல இருந்து சுமார் ஒரு லட்சம் வெள்ளைக்காரங்க வடக்குப் படையில சேர்ந்து சண்டை போட்டிருக்காங்க. 'தெற்கு எதிர்த்து நின்னுச்சு'ன்னு சொல்றவங்க கணக்குல இவங்க யாரும் தெற்கு இல்ல. 35 லட்சம் கறுப்பு மக்கள் தெற்குல பிறந்து, தெற்குல வாழ்ந்தவங்க, அவங்களும் தெற்கு இல்ல.

இப்போ லிங்கன். வடக்குக்காரன் எல்லாம் உத்தமன்னு நான் சொல்லவே இல்ல. சொன்னா அதுவும் ஜல்லிதான். வடக்கு போரை ஆரம்பிச்சது நாட்டை ஒண்ணா வச்சுக்கறதுக்கு. 1862 ஆகஸ்ட்ல, ஒரு அடிமையைக்கூட விடுவிக்காம ஒன்றியத்தைக் காப்பாத்த முடியும்னா அதைச் செய்வேன்னு லிங்கன் எழுதினது உண்மை. இதைத்தான் நம்மாளு துருப்புச்சீட்டு மாதிரி தூக்கிப் போடுவான். அந்தக் கடிதம் எழுதும்போது விடுதலைப் பிரகடனத்தோட வரைவு லிங்கன் மேஜையில ரெடியா இருந்துச்சு, ஜூலையிலயே அமைச்சர்களுக்கு வாசிச்சுக் காட்டியாச்சுங்கறதை மட்டும் சொல்லமாட்டான். 1863 ஜூலையில நியூயார்க்ல கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து நடந்த கலவரத்துல கறுப்பர்களைத் தூக்குல தொங்கவிட்டாங்க, கறுப்பு அநாதைக் குழந்தைகள் விடுதியைக் கொளுத்தினாங்க. 300 டாலர் கட்டினா பணக்காரனுக்கு விலக்குன்னு வடக்குலயும் சட்டம் இருந்துச்சு. எல்லாம் உண்மை. ஆனா வடக்கு எதுக்குப் போரிட்டுச்சுங்கறது ஒரு கேள்வி, தெற்கு எதுக்குப் பிரிஞ்சுதுங்கறது வேற கேள்வி. ரெண்டையும் குழப்பி மீன் பிடிக்கறதுதான் இவங்க டெக்னிக்.

அப்போ போரை அடிமை ஒழிப்புப் போரா மாத்துனது யாரு? லிங்கன் மட்டும் இல்லைங்க. முக்கியமா அந்த அடிமைகளே!

1861 மே 23 ராத்திரி. வர்ஜீனியாவுல ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மலோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட்னு மூணு அடிமைகள். தெற்குப் படைக்கு பீரங்கி மேடை கட்டற வேலையில போட்டிருந்தாங்க. இதைவிட தூரமா கொண்டுபோகப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ஒரு படகுல ஏறி, எதிர்க்கரையில வடக்குப் படை கையில இருந்த மன்றோ கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க. மறுநாள் தெற்குல இருந்து ஒரு மேஜர் வெள்ளைக்கொடியோட வந்து, தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி எங்க ஆளுங்களைத் திருப்பிக் கொடுன்னு கேக்கறார். என்ன ஒரு தில்லு பாருங்க! கோட்டையில இருந்த தளபதி பெஞ்சமின் பட்லர், தொழில்ல வக்கீல். "நீங்கதான் வேற நாடுன்னு சொல்லிட்டீங்களே, எங்க நாட்டுச் சட்டம் உங்களுக்கு எப்படிச் செல்லும்?"ங்கற மாதிரி மடக்கிட்டார். எதிரியோட போர்ச் சரக்குன்னு சொல்லி அந்த மூணு பேரையும் வச்சுக்கிட்டார்.

பட்லர் ஒண்ணும் புரட்சிக்காரர் இல்ல. அன்னைக்கு அவருக்குத் தேவைப்பட்டது வேலையாள். ஆனா சேதி பரவிடுச்சு. அடுத்தடுத்த நாள் எட்டுப் பேர், நாப்பது அம்பது பேர், குழந்தை குட்டியோட குடும்பம் குடும்பமா. அந்த வருஷ ஆகஸ்டுக்குள்ள அந்த ஒரு கோட்டைக்கு மட்டும் சுமார் 900 பேர். போர் முடியறதுக்குள்ள நாலஞ்சு லட்சம் பேர் இப்படி வடக்குப் படை இருந்த பக்கம் போய்ச் சேர்ந்ததா வரலாற்றாசிரியர்கள் கணக்கு சொல்றாங்க. பருத்தி எடுக்கறதுக்கும் அகழி வெட்டறதுக்கும் இருந்த கையெல்லாம் இந்தப் பக்கம் வந்துடுச்சு. இவங்களை என்ன பண்றதுன்னு வாஷிங்டன் முடிவு எடுத்தே ஆகணும்கற நிலைமையை உருவாக்குனது, எழுதப் படிக்கத் தடை விதிக்கப்பட்டிருந்த இந்த மக்கள்தான்.

ராபர்ட் ஸ்மால்ஸ் கதையை எத்தனை பேர் கேட்டிருப்பீங்க? சார்லஸ்டன் துறைமுகத்துல 'பிளான்டர்'ங்கற தெற்கு ராணுவக் கப்பல்ல வேலை பார்த்த அடிமை. 1862 மே 13 விடியற்காலை, வெள்ளை அதிகாரிங்க கரையில தூங்கப் போயிருந்த நேரம், கேப்டனோட தொப்பியைப் போட்டுக்கிட்டு, சும்டர் கோட்டை உட்பட எல்லாக் காவலையும் சரியான விசில் சைகை கொடுத்துத் தாண்டி, வழியில குடும்பத்தையும் ஏத்திக்கிட்டு, வெள்ளைத்துணியைப் பறக்கவிட்டு கப்பலை வடக்குக் கடற்படைகிட்ட ஒப்படைச்சுட்டார். பின்னாடி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனார். தன்னை அடிமையா வச்சிருந்த முதலாளியோட வீட்டையே வாங்கினார்! நம்ம ஊர்ல இந்தக் கதைக்கு இன்டர்வெல் பிளாக் எங்கன்னு இந்நேரம் முடிவு பண்ணியிருப்பாங்க.

சுமார் 1,80,000 கறுப்பர்கள் வடக்குப் படையில சிப்பாயானாங்க. வெள்ளைச் சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், இவங்களுக்கு 10 டாலர், அதுலயும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். மாசாசூசெட்ஸ் 54-வது படைப்பிரிவு அந்தச் சம்பளமே வேணாம்னு ஒன்றரை வருஷம் வாங்காம சண்டை போட்டாங்க. 1863 ஜூலை 18-ந் தேதி வாக்னர் கோட்டை தாக்குதல்ல அந்தப் படையில கிட்டத்தட்ட பாதிப்பேர் செத்தோ, காயப்பட்டோ, காணாமலோ போனாங்க. கொடியைக் கீழ விழவிடாம உடம்பெல்லாம் குண்டோட தவழ்ந்து வந்த வில்லியம் கார்னிக்கு நாட்டோட உயர்ந்த வீரப்பதக்கம் கிடைச்சது 1900-ல. 37 வருஷம் கழிச்சு!

இன்னொரு கூட்டத்தையும் சொல்லியாகணும், போர் ரசிகர்கள். கெட்டிஸ்பர்க் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கிட்டு வரைவாங்க. எந்தப் படை எந்த மேட்டுல நின்னுச்சு, பிக்கெட் எந்த மணிக்குப் பாய்ஞ்சார், லீ மட்டும் வேற மாதிரி முடிவெடுத்திருந்தா... எல்லாம் அத்துப்படி. தப்பில்ல, நானும் அந்த வரைபடங்களைப் பார்த்து மணிக்கணக்கா உக்காந்திருக்கேன். 1863 ஜூலை 1 முதல் 3 வரை, மூணே நாள்ல ரெண்டு பக்கமும் சேர்த்து சுமார் 51,000 பேர் செத்தோ, காயப்பட்டோ, சிறைபட்டோ, காணாமலோ போன இடம், சாதாரண விஷயமில்ல. ஆனா அந்த வரைபடத்துல ஒரு அம்புக்குறி மட்டும் இருக்காது. லீயோட படை பென்சில்வேனியாவுக்குள்ள நுழைஞ்சப்போ, அங்க இருந்த கறுப்பர்களை, சுதந்திரமாப் பிறந்தவங்களையும் சேர்த்து, வேட்டையாடிப் பிடிச்சு தெற்குக்கு அடிமையா ஓட்டிட்டுப் போச்சு. மாநில உரிமைக்காகப் போன படைக்கு பென்சில்வேனியாவுல இந்த வேலை எதுக்கு?

லீ மகா கண்ணியவான், அடிமை முறை அவருக்குப் பிடிக்காதுன்னு ஒரு பிம்பம் வேற. 1859-ல தப்பி ஓடிப் பிடிபட்ட வெஸ்லி நோரிஸ், தனக்கும் தன் சகோதரிக்கும் லீ முன்னாலயே விழுந்த சவுக்கடியை 1866-ல வாக்குமூலமாச் சொல்லியிருக்கார். 'எங்க ஆண்டை தங்கமானவரு, பண்ணையாளைப் பிள்ளை மாதிரி வச்சிருந்தாரு'ன்னு தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய வீட்டுத் திண்ணைகள்ல ஓடுற அதே கதைதான், கோட்டு சூட்டு போட்டு வந்திருக்கு.

ஜெயிச்சவன் எழுதின வரலாறுன்னு சொல்றாங்களே, இங்க நடந்தது நேர் தலைகீழ். போர்ல செத்தது குறைஞ்சது 6,20,000 பேர்ங்கறது பழைய கணக்கு, 7,50,000 வரைக்கும் இருக்கலாம்னு 2011-ல ஒரு ஆய்வு வந்துச்சு. மூணுல ரெண்டு பங்கு நோய்ல செத்தது. இவ்வளவு சாவுக்கு அப்புறம் தோத்தவன் கையில பேனா போச்சு. 1894-ல ஆரம்பிச்ச, தெற்குப் படைவீரர்களோட வாரிசுப் பெண்கள் சங்கம் ஊர் ஊரா சிலை வச்சது மட்டுமில்லாம, பள்ளிப் புத்தகங்கள்லயும் கைவச்சாங்க. தெற்கு அடிமைகளுக்காகப் போரிட்டதுன்னு சொல்ற புத்தகத்தை நிராகரிக்கணும்னு முதல் உலகப்போர் முடிஞ்ச சமயத்துல வழிகாட்டியே போட்டு விநியோகம் பண்ணாங்க. அப்புறம் 1939-ல 'கான் வித் த விண்ட்' படம். அதுல விசுவாசமான வேலைக்காரியா நடிச்ச ஹாட்டி மெக்டேனியலால, அட்லாண்டாவுல நடந்த அந்தப் படத்தோட முதல் காட்சிக்கே போகமுடியல, கறுப்பர்ங்கறதால. உங்க ஆன்சைட் நண்பர் கொண்டு வந்தாரே 'மறைக்கப்பட்ட உண்மை', அது பல தலைமுறை தெற்குப் பிள்ளைகள் படிச்ச அபீசியல் பாடம்ங்க!

இன்னமும் ஓயல. பிராக்ஸ்டன் பிராக்ங்கற தெற்குத் தளபதி பேர்ல இருந்த ராணுவ முகாமுக்கு 2023-ல லிபர்டின்னு பேர் மாத்தினாங்க. 2025-ல திரும்பவும் பிராக். கேட்டா, இது வேற பிராக்காம், இரண்டாம் உலகப்போர் வீரராம். சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

நம்ம பக்கத்துல இருந்து இந்தப் போரைச் சரியாப் புரிஞ்சுக்கிட்ட ஒருத்தர் இருந்தார். புனேயில ஜோதிராவ் புலே. 1873-ல 'குலாம்கிரி'ன்னு ஒரு புத்தகம் எழுதி, அதை அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பணம் பண்ணினார். நம்ம நாட்டுக்காரங்களும் அவங்களைப் பார்த்து, பிராமணப் பிடியில இருந்து சூத்திர சகோதரர்களை விடுவிக்கணும்னு அதுல ஆசைப்பட்டார். அந்தப் போர் எதைப் பத்தினதுங்கறதுல அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இல்ல. விக்கிபீடியா இல்ல, ஆன்சைட் போகல, கப்பல்ல மாசக்கணக்கா வந்த சேதியை வச்சே புரிஞ்சுக்கிட்டார். ஏன்னா அவர் தளபதிங்க பக்கத்துல இருந்து பார்க்கல, படகுல ஏறித் தப்பிச்ச அந்த மூணு பேர் பக்கத்துல இருந்து பார்த்தார்.

பி.கு: சவுத் கரோலினா பிரகடனம் இணையத்துல இலவசமா கிடைக்குது. சின்னதுதான், ஒரு டீ ஆறறதுக்குள்ள படிச்சிடலாம். 'மாநில உரிமை' கோஷ்டி மக்கள் முதல்ல அதைப் படிச்சுட்டு வாங்க. அப்புறம் சண்டை போடலாம், நான் இங்கதான் இருப்பேன்.